ஒரு முட்டைக்கு இரண்டு திருட்டு

சக்களத்திகள் ஏறிய படகு கரை சேர்ந்துவிடும், ஓரகத்திகள் ஏறிய படகு நடு ஆற்றில் நின்றுவிடும் என்று எங்கள் பக்கம் ஒரு சொல் உண்டு. அதைச் சொன்னவன் எங்கள் ஊரான ஸனூரிஸுக்கு வந்து எங்கள் மொட்டை மாடியைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பான். கீழ்த் தளத்தில் என் கணவரின் அண்ணன் மனைவி தவ்லத் அக்கா. மேல் தளத்தில் நான். அதற்கும் மேலே மாடியில் அவளுடைய கோழிகளும் என்னுடைய கோழிகளும். மனிதர்களுக்காவது நடுவில் படிக்கட்டு இருக்கிறது. கோழிகளுக்கு அதுவும் இல்லை.

தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் அவளுக்கு என்று மாமனார் காலத்திலேயே பிரித்தாகிவிட்டது. கோழிக்கு யார் போய் அதைச் சொல்வது? அதனால் அவள் கோழிகளின் காலில் சிவப்புத் துணி, என் கோழிகளின் காலில் நீலத் துணி. துணி கட்டாத சேவல் ஒன்று உண்டு. அது இரண்டு பக்கமும் சாப்பிட்டுவிட்டு யாருக்கும் நன்றி இல்லாமல் திரியும்.

தவ்லத் அக்காவின் கோழி வளர்ப்புக்குச் சட்டங்கள் உண்டு. விடிவதற்கு முன்னால் மாடிக்கு வருவாள். பிஸ்மில்லாஹ் சொல்லி ஒவ்வொரு கோழியாகத் தூக்கி, எண்ணெய் தொட்ட விரலை விட்டுப் பார்ப்பாள். “இவளுக்கு உண்டு. இவளுக்கு இல்ல. இவளுக்கு உண்டு.” உண்டு என்று சொன்னவள் அன்றைக்கு முட்டை வைத்தே ஆக வேண்டும். எங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் இப்படிப் பார்ப்பவர்கள்தான். ஆனால் அக்காவிடம் கூடுதலாக ஒரு சட்டம் உண்டு. ஒரு நாளில் ஒரு தடவைதான் விரல் விடலாம், இரண்டாம் தடவை தொட்டால் முட்டை வெட்கப்பட்டு உள்ளே போய்விடும் என்பாள். அவள் கோழிகளை வேறு யாரும் தொடவே கூடாது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஆசையாக ஒன்றைத் தூக்கப் போய் கையில் அடி வாங்கியிருக்கிறேன்.

அந்த வருஷம் வசந்தத்தில் அக்காவுக்கு முட்டைப் பைத்தியம் பிடித்திருந்தது. பைத்தியம் என்றால் நியாயமான பைத்தியம்தான். மகளுக்குக் கல்யாணமாகி முதல் ஷம்முன்னஸீம் பண்டிகை. சம்பந்தி வீட்டுக்கு ஊறுமீனும் வெங்காயமும் ஒரு கூடை நிறைய நாட்டு முட்டையும் அனுப்ப வேண்டும். குறைந்தால் மகள் அல்லவா பேச்சு கேட்பாள்? அதனால் வீட்டில் யாருக்கும் முட்டை கிடையாது. அவள் கணவர் காலையில் வெறும் அவரைக் கூழைத் தின்றுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

முட்டை வைத்தவர்களில் புதியவள் ஹானிம். வெள்ளைக் கழுத்தும் உடம்பெல்லாம் கறுப்பு வரியுமாக, எங்கள் ஃபய்யூம் இனத்தின் அசல் வாரிசு. வயசுக்கு வந்து சில வாரங்கள்தான். பெரிய இடத்துப் பெண் போல் பாதம் பார்த்துப் பார்த்து நடப்பாள், அதனால்தான் சீமாட்டி என்று பொருள்படும் அந்தப் பெயர். காலில் சிவப்புத் துணிதான். ஆனால் மதியம் நான் அரிசி புடைக்கும்போது தொட்டியைச் சுற்றி வந்து என் முழங்காலில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். என் கோழிகளே அப்படிச் செய்ததில்லை. எனக்கு அவள் மேல் கொள்ளை ஆசை. அக்காவுக்குத் தெரியாத ஆசை.

கம்ஸீன் காற்று மண்ணை வாரி அடித்து ஓய்ந்த ஒரு மதியம். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

“ஏண்டி நவ்வாரா!” என்று தொட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா கூவினாள். தெரு முழுக்கக் கேட்கட்டும் என்கிற குரல். “முட்டைக்கு எப்படி கால் முளைக்கும்னு நீயே சொல்லு!”

“யாரு முட்டைக்கு?”

“ஹானிம் முட்டைக்கு! நேத்து விடியக்காலைல இதோ இந்த விரலால தொட்டேன். கல்லு மாதிரி நின்னுச்சு. ராத்திரி கூட்டுல ஒண்ணுமில்ல. சரி, தொலையட்டும்னு விட்டேன். இன்னைக்கு விடியக்காலைல தொட்டேன், இருந்துச்சு. கூடையைக் கவுத்து மேல செங்கல்லும் வெச்சுட்டுப் போனேன். இப்ப தூக்கிப் பாத்தா ஒண்ணுமில்ல! ரெண்டு நாள், ரெண்டு முட்டை. இந்த மாடிக்கு உன்னையும் என்னையும் விட்டா வேற யாருடி வர்றா?”

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. கையிலிருந்த சட்டையை அப்படியே வாளியில் போட்டேன்.

“என்னைத் திருடின்றீங்களா?”

“நான் அந்த வார்த்தைய சொல்லல. நீதான் சொல்ற.”

பக்கத்து மாடியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கிறிஸ்தவ வீட்டு உம்மு பிஷோய் கைப்பிடிச் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். நல்ல சண்டை என்றால் அவளுக்கு வெங்காயக் கண்ணீர்கூட நின்றுவிடும்.

“என்னைப் பாக்காதீங்க தாயிங்களா,” என்றாள். “பெரிய நோன்பு ஆரம்பிச்சதுலேர்ந்து முட்டைய நான் கனவுலதான் பாக்குறேன். என்னைத் தவிர யாரை வேணா சந்தேகப்படுங்க.”

“உங்களை யாரு சொன்னா? இருக்கிற இடத்துல இருக்கிற ஆளைச் சொல்றேன்,” என்றாள் அக்கா. “குர்ஆன் மேல கை வெச்சு சொல்லட்டும், விட்டுடறேன்.”

“ரெண்டு முட்டைக்கு அல்லாவோட வேதத்தைத் தூக்கச் சொல்றீங்களே, உங்களுக்கே வெக்கமா இல்ல?” என்றேன். “முட்டை வெச்ச கோழி சும்மா இருக்குமா? ஊரைக் கூட்டிக் கொக்கரிக்காது? ரெண்டு நாளா ஹானிம் கொக்கரிச்சு யாராவது கேட்டீங்களா? உம்மு பிஷோய், நீங்க கேட்டீங்களா?”

உம்மு பிஷோய் யோசித்தாள். “கேக்கலியே,” என்றாள். “நீங்க ரெண்டு பேரும் கொக்கரிக்கிறதுதான் கேக்குது.”

அந்தக் கோபத்திலேயே நான் தொட்டியைச் சுற்றிக்கொண்டு எல்லை தாண்டினேன். கூடை பக்கத்தில் ஹானிம் நின்றிருந்தாள். நின்றிருந்தாள் என்று சொல்வது தவறு. இறகெல்லாம் பொம்மென்று உப்பி, வால் தொங்கி, கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள். காலை அகட்டி வைத்து, மூச்சு விடும்போதெல்லாம் வாலை மேலும் கீழும் ஆட்டி முக்கினாள். ஒன்றும் வரவில்லை. என்னைப் பார்த்து ஓரடி எடுத்து வைத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“அக்கா, இவளுக்கு முட்டை மாட்டிக்கிச்சு.”

“என்னது?”

“உங்க முட்டை எங்கேயும் போகல. உள்ளேயேதான் இருக்கு. நேத்து தொட்டதும் இதேதான், இன்னைக்கு தொட்டதும் இதேதான். இப்ப ஒரு தடவை விரல் வெச்சுப் பாருங்க, தெரியும்.”

“ரெண்டாம் தடவையா? பகல் வேளையிலயா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?” அக்கா குனிந்து கோழியைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. ஆனால் வாய் மாறவில்லை. “யாரோ கண்ணு வெச்சுட்டாங்க. கோழி போகப் போகுது. ஷஹாத்தாவைக் கூப்பிடு, உயிர் இருக்கறப்பவே கத்திய வெச்சுடணும். செத்தா நாய்க்குத்தான் ஆகும்.”

ஷஹாத்தா என் கணவர். மினிபஸ் ஓட்டுகிறார். மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுப்பினால் கடித்துக் குதறுகிற மனிதர், கத்தி, கோழி என்று இரண்டு வார்த்தை காதில் விழுந்ததும் துள்ளி எழுந்து மேலே வந்தார். வரும்போதே கத்தியைத் தீட்டிக்கொண்டுதான் வந்தார். விஷயத்தைக் கேட்டார். என்னைத் தனியாகத் தொட்டிக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

“யோசிச்சுப் பாரு நவ்வாரா,” என்றார் மெதுவாக. “அறுத்தா வயித்துக்குள்ள முட்டை முழுசா இருக்கும். எல்லாரும் பாப்பாங்க. உனக்கு உன் பேரு கிடைக்கும், அண்ணிக்கு முட்டை கிடைக்கும், எனக்குக் கோழிச் சாறுல முலூக்கியாக் கீரை கிடைக்கும். நீ வைத்தியம் பண்றேன்னு அமுக்கி முட்டை உள்ளேயே ஒடஞ்சுதுன்னு வெய்யி, கோழியும் போச்சு, சாட்சியும் போச்சு. ஆயுசுக்கும் நீ முட்டைத் திருடிதான்.”

மனிதர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். என் அம்மா வீட்டில் ஒருதரம் ஒரு கோழிக்கு இப்படி ஆகி, அவசரப்பட்டு அமுக்கி, ஓடு உள்ளே கிழித்துச் செத்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஊரில் முட்டைத் திருடி என்று ஒரு பேர் ஒட்டினால் பேரன் கல்யாணத்தில்கூட அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கத்தியை ஒரு தரம் இழுத்தால் போதும், என் பேர் வெள்ளையாகிவிடும். திரும்பிப் பார்த்தேன். ஹானிம் தரையில் உட்கார்ந்தபடி கழுத்தை நீட்டி என் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவி, அவளுக்கு என்னைத் தெரியும். என்னால் முடியவில்லை.

“கத்தி பொறுத்துக்கும்,” என்றேன். “எனக்குப் பொழுது சாய்ஞ்சு மஃரிப் பாங்கு சொல்ற வரைக்கும் டைம் குடுங்க.”

“யாரு கோழி, யாரு டைம் குடுக்கிறது?” என்றாள் அக்கா.

“உங்க கோழிதான். ஆனா வலி அவளோடது. முட்டை வைக்கிற கோழிக்குத்தானே தெரியும் வலி. நீங்களும் நானும் பெத்தவங்கதானே அக்கா?”

அக்கா கூடைப் பக்கத்திலிருந்து நகர்ந்து வழிவிட்டாள். ஷஹாத்தா கத்தியை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டு வாசலில் உட்கார்ந்தார், முலூக்கியா நம்பிக்கையோடு.

வெந்நீர் போட்டேன். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற சூடு, முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும். அகலப் பாத்திரத்தில் ஊற்றி ஹானிமை வயிறு முங்கும்படி உட்கார வைத்தேன். முதலில் திமிறினாள். பிறகு சூடு இறங்க இறங்க, உடம்பு தளர்ந்து, தலையை என் முழங்கை மடிப்பில் சாய்த்துக் கண்ணை மூடிவிட்டாள். நீர் ஆறும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு சேர்த்தேன். உம்மு பிஷோய் வெங்காயத்தை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து பார்த்தாள்.

“எங்க வீட்டுல எனக்கே இப்படி யாரும் வெந்நீர் போட்டதில்ல,” என்றாள்.

எடுத்துத் துடைத்து, முட்டை வரும் வழியில் ஆலிவ் எண்ணெய் தடவினேன். விரல் நுனியை வைத்ததும் தட்டுப்பட்டது. பெரிதாக, அசையாமல், ஓடு நெருநெருவென்று. அமுக்கவில்லை. அமுக்க மாட்டேன் என்று அம்மா வீட்டுக் கோழியை நினைத்துச் சத்தியம் செய்துகொண்டேன். ஷஹாத்தாவின் பழைய அங்கி ஒன்றில் சுற்றி, மாடி மூலையில் இருக்கும் ரொட்டி அடுப்பு அறைக்குள் கொண்டுபோனேன். காலையில் ரொட்டி சுட்ட கதகதப்பு இன்னும் இருந்தது. வைக்கோல் போட்ட கூடையில் வைத்து ஜன்னலைச் சாத்தினேன். முட்டை வைக்க வெளிச்சமும் வேண்டாம், செங்கல்லும் வேண்டாம். இருட்டும் ஒரு மூலையும் போதும்.

“இவளுக்குத் தெம்பு இல்ல,” என்றேன் வாசலில் நின்ற அக்காவிடம். “வெறும் காஞ்ச ரொட்டியத் தின்னா ஓட்டுக்கும் தெம்பு வராது, முக்கறதுக்கும் தெம்பு வராது. சுண்ணாம்புச் சத்து வேணும். உங்க எலும்புக்கு டாக்டர் குடுத்தாரே, தண்ணியில போட்டா நுரைக்குமே, அந்த மாத்திரை இருக்கா?”

“அது என் மாத்திரை!”

“நீங்கதான் திங்கறதே இல்லியே. தலைகாணிக்கு அடியில வெச்சு அழகு பாக்குறீங்க.”

அக்கா இறங்கிப் போனாள். கதவை அறைந்து சாத்திக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். முட்டி வலியோடு படிப்படியாக முனகிக்கொண்டே திரும்பி வந்தாள், கையில் மாத்திரைக் குழாய். கால் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து நுரை அடங்க விட்டு, சொட்டுக் குழாயில் எடுத்தேன். அக்கா தானாகவே கோழியின் அலகைப் பிடித்துத் திறந்தாள். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டேன்.

“மெதுவா விடு, புரை ஏறிடப் போகுது,” என்றாள். பிறகு, “ஹானிம், குடி கண்ணு,” என்றாள். அவள் தன் மகளிடம்கூட அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

அப்புறம்தான் உண்மையான சோதனை. கோழிக்கு அமைதி வேண்டும். இரண்டு ஓரகத்திகள் ஒரு இருட்டறையில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் இவ்வளவு நேரம் பேசாமல் பக்கத்தில் இருந்ததே இல்லை. அடுப்புச் சாம்பல் வாசனை. ஹானிமின் மூச்சு. அக்கா ஏதோ சொல்ல வாயெடுப்பாள், நான் உதட்டில் விரல் வைப்பேன். நான் வாயெடுப்பேன், அவள் முறைப்பாள். கடைசியில் அவள்தான் தாங்கவில்லை.

“சம்பந்திக்காரி வாய் பொல்லாதது,” என்று கிசுகிசுத்தாள். “முட்டைய எண்ணிப் பாப்பா.”

“தெரியும். என் கோழிங்க முட்டையும் சேத்துக்குங்க.”

“நீலத் துணி முட்டை எனக்கு வேண்டாம்.”

“முட்டையில யாரு துணி கட்டியிருக்கா?”

இருட்டில் அவள் சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுபடி ஒரு தரம் வெந்நீரில் வைத்து எடுத்து வந்தோம். இந்த முறை பாத்திரத்தின் இன்னொரு பக்கத்தை அக்கா பிடித்தாள். வெயில் இறங்கிவிட்டது. ஹானிம் முக்குவது இன்னும் பலமாக இருந்தது. ஆனால் முக்கி முடித்ததும் தலை துவண்டது. தப்புச் செய்துவிட்டேனோ, இவளை வீணாக வதைக்கிறேனோ என்று பயமாக இருந்தது. வாசலில் நிழல் விழுந்தது. ஷஹாத்தா.

“மஃரிப் ஆகப் போகுது,” என்றார். “தலை தொங்குது பாருங்க அண்ணி. இப்ப விட்டா அப்புறம் ஹராமாகிப் போகும். கோழி உங்களோடது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

நான் அக்காவைப் பார்த்தேன். கோழி அவளுடையது. அவள் சரி என்றால் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. அக்கா கோழியின் முதுகில் கையை வைத்தபடி இருந்தாள்.

“கத்திய கீழ கொண்டு போ ஷஹாத்தா,” என்றாள். “போகும்போது கதவை மெதுவா சாத்து.”

பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்தது. ஹானிம் கூடையில் எழுந்து நின்றாள். ஓரங்களைக் காலால் கீறி, ஒரு சுற்றுச் சுற்றி, முதுகை வளைத்து ஒரு முக்கு முக்கினாள். நாங்கள் இரண்டு பேரும் கூடவே மூச்சைப் பிடித்து முக்கினோம், சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவ்வளவுதான். வைக்கோலில் தொப்பென்று ஒரு சத்தம்.

அல்லாவே! அல்லாவே!

முட்டை முழுசாக இருந்தது. நான் கையை நீட்டவில்லை. அக்காதான் எடுத்தாள். ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தாள். அந்தச் சின்னக் கோழிக்குப் பொருந்தாத பெரிய முட்டை. வழுவழுவென்று இருக்க வேண்டிய ஓடு மணலை ஒட்டினாற்போல் சொரசொரத்து, மேலே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் பூச்சு. ஆயிரக்கணக்கில் முட்டையைக் கையில் எடுத்தவள் தவ்லத் அக்கா. யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. உள்ளேயே கிடந்து ஓட்டின் மேல் ஓடு ஏறிய முட்டை அது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டை விரலால் தடவினாள். அவள் காது சிவந்துகொண்டே வந்தது.

“என்னாச்சு?” என்று சுவருக்கு அப்பாலிருந்து உம்மு பிஷோயின் குரல். “உயிரோட இருக்காளா? முட்டை வந்துதா?”

“வந்துடுச்சு,” என்றாள் அக்கா.

“எத்தனை?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. வாசலுக்குப் போய் நின்றாள்.

“ஒண்ணுதான்,” என்றாள்.

“கேக்கலியே!”

உம்மு பிஷோய்க்குக் காது நன்றாகக் கேட்கும். மூன்று வீடு தள்ளிப் புருஷன் பெண்டாட்டி குசுகுசுப்பது கேட்கும். அவள் நோன்பில் இருக்கிறாள், அல்லா அவளை மன்னிக்கட்டும்.

“ஒரே முட்டைதான் இருந்துச்சுன்னு சொன்னேன்!” என்று அக்கா கூவினாள். மத்தியானம் என்னைக் கூப்பிட்ட அதே குரல். தெரு முழுக்கக் கேட்டது. “ரெண்டு நாளும் அதே முட்டைதான்! யாரும் எடுக்கல!”

அடுப்பு அறைக்குள் ஹானிம் மெலிதாக, தொண்டை கட்டினாற்போல் கொக்கரித்தாள். நான் அங்கியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சாம்பல் தூசி என்று சொல்லலாம்தான், ஆனால் தூசி இல்லை.

மன்னிப்பு என்கிற வார்த்தையை அக்கா சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை, அந்த வார்த்தை அவள் வாயில் பிறந்ததே கிடையாது. அன்று ராத்திரி ஷஹாத்தா கோழி இல்லாத முலூக்கியாவைத் தின்றார். கால் மாத்திரை ஹானிமுக்குப் போக மீதி முக்கால் மாத்திரையை அக்கா என் முன்னாலேயே கரைத்து, முகத்தைச் சுளித்துக் குடித்தாள்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் மாடியிலிருந்து சத்தம். “நவ்வாரா! ஏய் நவ்வாரா! மேல வா!” போச்சு, கோழி செத்துவிட்டது என்று தலையில் துணியைக்கூட ஒழுங்காகப் போடாமல் மாடிக்கு ஓடினேன்.

ஹானிம் பிழைத்துத்தான் இருந்தாள். அக்காவின் கக்கத்தில் சிவப்புத் துணிக் கால் தொங்க, என்னைப் பார்த்து கொக் என்றாள். அக்கா இன்னொரு கையில் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினாள்.

“நீ பாரு,” என்றாள்.

“நானா? உங்க கோழியையா?”

“எனக்கு விரல் மரத்துப் போச்சு. நீ பாத்து சொல்லு.”

பிஸ்மில்லாஹ் சொன்னேன். விரலை எண்ணெயில் நனைத்தேன். மெதுவாகத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே காலியாக, கதகதப்பாக இருந்தது.

“இல்ல அக்கா,” என்றேன். “இன்னைக்கு முட்டை இல்ல.”

அக்கா தலையசைத்தாள். தான் ஒரு தடவை தொட்டுச் சரிபார்க்கவில்லை. ஹானிமைத் தரையில் இறக்கிவிட்டாள்.

“நீ இல்லன்னு சொன்னா இல்லதான்,” என்றாள். பிறகு அடுத்த கோழியைத் தூக்கி என்னிடம் நீட்டினாள்.